மெக்னீசியம் எரிவது சேர்க்கை வினையா, எரிதல் வினையா? எடை வேறு குறைகிறது!

அரும்பு_10 கேட்கிறார்:

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதிவினைகளின் வகைகள் நடத்துகிறேன். மூன்று இடத்தில் முட்டுகிறது.

முதலாவது, மெக்னீசியம் நாடா எரிவதைச் சேர்க்கை வினைக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம், எரிதல் வினைக்கும் சொல்கிறோம். ஒரு மதிப்பெண் வினாவில் பிள்ளைகள் எதை எழுதுவது?

இரண்டாவது, "இரண்டு பொருள் சேர்ந்தால் சேர்க்கை வினை" என்று சொல்லிக் கொடுத்ததும், சுண்ணாம்பு நீரில் கார்பன் டை ஆக்சைடு செலுத்திப் பால்போல மாறுவதையும் ஒரு மாணவி சேர்க்கை வினை என்று எழுதிவிட்டாள். தவறு என்று தெரிகிறது. சுருக்கமாக எப்படிப் புரிய வைப்பது?

மூன்றாவதுதான் பெரிய சிக்கல். 0.24 கிராம் மெக்னீசியம் நாடாவை இடுக்கியில் பிடித்து எரித்து, கீழே பீங்கான் ஓட்டில் விழுந்த வெள்ளைச் சாம்பலை எடைபோட்டால் 0.21 கிராம்தான் இருக்கிறது. ஆக்சிஜன் சேர்ந்தால் எடை கூடத்தானே வேண்டும்? எப்படிச் செய்தால் சரியாக வரும்?

வினைவிளை எழுதியது:

முதல் இரண்டுக்கும் விடை ஒன்றுதான்: அம்புக்குறியின் வலப்பக்கத்தைப் பாருங்கள். இடப்பக்கத்தில் எத்தனை பொருள் இருக்கிறது என்பதை வைத்து முடிவுசெய்தால் கட்டாயம் தடுமாறும், ஏனென்றால் இரட்டை இடப்பெயர்ச்சியிலும் (இரண்டு சேர்மங்கள் தம் பகுதிகளை மாற்றிக்கொள்ளும் வினை) இடப்பக்கம் இரண்டு பொருள்தான். வலப்பக்கம் ஒரே ஒரு விளைபொருள் மட்டும் இருந்தால்தான் சேர்க்கை வினை. (குறியீடு போட்டால் இங்கே எழுத்து சிதறுகிறது, அதனால் பெயரிலேயே எழுதுகிறேன்.)

சுண்ணாம்பு நீர்: கால்சியம் ஹைட்ராக்சைடு + கார்பன் டை ஆக்சைடு → கால்சியம் கார்பனேட் + நீர். வலப்பக்கம் இரண்டு பொருள், ஆகவே சேர்க்கை இல்லை. அந்த நீர் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரோடு கலந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. மாணவி பார்த்தது வெண்மையான வீழ்படிவை மட்டும்தான், எழுதியதும் அதை மட்டும்தான். மூலக்கூறு எடையைக் கூட்டிக் காட்டினால் உடனே விளங்கும்: 74 + 44 = 118. கால்சியம் கார்பனேட் 100தான். மிச்சம் 18 எங்கே என்று கேளுங்கள், நீர் என்று அவளே சொல்லுவாள்.

அதையே சுட்ட சுண்ணாம்பில் செய்தால் கதை வேறு. கால்சியம் ஆக்சைடு + கார்பன் டை ஆக்சைடு → கால்சியம் கார்பனேட். 56 + 44 = 100. மிச்சம் எதுவும் இல்லை, இது சேர்க்கைதான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப்போட்டால் தனியாக விளக்கமே தேவைப்படாது.

இனி மெக்னீசியம். சேர்க்கை, எரிதல் என்ற இரண்டும் ஒரே அளவுகோலால் பிரித்தவை அல்ல. சேர்க்கை என்பது விளைபொருளின் எண்ணிக்கையைச் சொல்கிறது. எரிதல் என்பது ஆக்சிஜனோடு வேகமாக வினைபட்டு வெப்பமும் ஒளியும் வருவதைச் சொல்கிறது. ஒரே வினை இரண்டுக்கும் பொருந்துவதில் முரண்பாடே இல்லை. மெக்னீசியம், கந்தகம், கரி, ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு இவை எரிவது எல்லாம் இரண்டுக்கும் பொருந்தும். மீத்தேன் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு, நீர் என்று இரண்டு வருவதால் அது எரிதல் மட்டும். சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றுவது சேர்க்கை மட்டும். தேர்வில் "மெக்னீசியம் + ஆக்சிஜன் → மெக்னீசியம் ஆக்சைடு, இது எவ்வகை வினை" என்று சமன்பாட்டைக் கொடுத்துக் கேட்டால் சேர்க்கை என்று எழுதச் சொல்லுங்கள், ஏனென்றால் சமன்பாட்டில் தெரிவது எண்ணிக்கைதான். "காற்றில் பளிச்சென எரிகிறது" என்று விவரித்திருந்தால் இரண்டையும் எழுதுவது பாதுகாப்பு.

பிள்ளைகளைச் சோதிக்க நான்கு வினை தருகிறேன். சல்பர் டிரை ஆக்சைடு + நீர் → கந்தக அமிலம். குளோரின் + நீர் → ஹைட்ரோகுளோரிக் அமிலம் + ஹைப்போகுளோரஸ் அமிலம். அம்மோனியா + ஹைட்ரஜன் குளோரைடு → அம்மோனியம் குளோரைடு. சோடியம் ஹைட்ராக்சைடு + ஹைட்ரோகுளோரிக் அமிலம் → சோடியம் குளோரைடு + நீர். முதலாவதும் மூன்றாவதும் மட்டுமே சேர்க்கை. மூன்றாவதும் நான்காவதும் அமில-கார வினைகளே என்றாலும் நீர் வருகிறதா இல்லையா என்பதில் வகை மாறிவிடுகிறது. இதில் தவறாத பிள்ளை வேறு எதிலும் தவறாது.

முக்காலி எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். திறந்தவெளியில் இடுக்கியில் பிடித்து எரித்தால் எடை குறைவதுதான் இயல்பு. எரியும்போது மேலே போகும் வெள்ளைப் புகை முழுவதும் மெக்னீசியம் ஆக்சைடுதான். ஓட்டில் விழுவது ஒரு பகுதி மட்டும். அதை எடைபோட்டு எதையும் நிரூபிக்க முடியாது. வினை நடப்பதைக் காட்ட அந்த முறை போதும், எடையைக் காட்ட மூடியுள்ள பீங்கான் குருசிபிள் (வலுவாகச் சூடாக்கப் பயன்படும் சிறு கிண்ணம்) வேண்டும்.

செய்முறை இது. நாடாவின் மேல் சாம்பல்நிறப் படலம் இருந்தால் அதுவே பழைய ஆக்சைடு. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகு எடை போடுங்கள். குருசிபிளையும் மூடியையும் முதலில் வெறுமையாக 5 நிமிடம் சூடாக்கி, ஆறவிட்டு, எடை பாருங்கள். ஈரம் இருந்தால் அதுவே கணக்கைக் கெடுக்கும். நாடாவை நெருக்கமாக உருட்டாமல் தளர்வான சுருளாக உள்ளே வைக்க வேண்டும். நெருக்கிச் சுருட்டினால் உட்பக்கம் காற்றுப் படாமல் எரியாமலே நின்றுவிடும்.

முக்காலியில் களிமண் முக்கோணம் வைத்து, அதன்மேல் குருசிபிளை மூடியோடு வைத்து வலுவாகச் சூடாக்குங்கள். சுமார் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை மூடியை இடுக்கியால் ஒரு விரல் அளவு தூக்கி உடனே மூடவும். காற்று உள்ளே போக வேண்டும், புகை வெளியே வரக் கூடாது, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சோதனையே இருக்கிறது. தூக்கும்போது உள்ளே தணல் பளிச்சிடுவது நின்றபிறகு மூடியைப் பாதி திறந்து வைத்து இன்னும் 5 நிமிடம் சூடாக்கவும். ஆறவிட்டு எடை, மறுபடி சூடாக்கி ஆறவிட்டு எடை, அடுத்தடுத்த இரண்டு அளவும் ஒன்றாக வரும்வரை.

சூடாக இருக்கும்போது எடைபோட்டுவிடாதீர்கள். சூடான காற்று மேலெழுவதால் தராசு குறைத்துக் காட்டும். கையால் தொடும் அளவுக்கு ஆறியிருக்க வேண்டும்.

அணு எடை 24ம் 16ம். ஆகவே 0.24 கிராம் மெக்னீசியம் 0.16 கிராம் ஆக்சிஜனை எடுத்து 0.40 கிராம் ஆக வேண்டும். தராசு 0.01 கிராம் வரைதான் காட்டும் என்றால் நாடாவை இரண்டு மடங்காக, 0.48 கிராமாக எடுங்கள். 0.16 கிராம் கூடுதலில் 0.02 பிசகினால் எட்டில் ஒரு பங்கு போய்விடும்.

பாதுகாப்பு: எரியும் சுடரை நேராகப் பார்க்கவே கூடாது. தப்பித்தவறி நாடா மேசையில் விழுந்து எரிந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானும் வேண்டாம். சூடான மெக்னீசியம் இரண்டிலிருந்தும் ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு இன்னும் எரியும். ஒரு தட்டு உலர்ந்த மணல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அரும்பு_10 எழுதியது:

இருவருக்கும் நன்றி. குருசிபிளில் செய்து பார்த்தோம். எடை கூடியது, ஆனால் 0.36 கிராமில் நின்றுவிட்டது. திரும்பத் திரும்பச் சூடாக்கினாலும் 0.36தான். உள்ளே வெள்ளையோடு கொஞ்சம் மஞ்சளும் சாம்பல்நிறமும் கலந்தாற்போல் இருக்கிறது.

முக்காலி எழுதியது:

நிறத்தைச் சொன்னது நல்லதாயிற்று. மஞ்சள் என்பது மெக்னீசியம் நைட்ரைடாக இருக்கலாம். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். மூடி அதிக நேரம் மூடியே இருந்தால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துபோய், சூடான மெக்னீசியம் நைட்ரஜனோடும் சேர்ந்துவிடும். (இதுவும் சேர்க்கை வினைதான் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.) 72 கிராம் மெக்னீசியம் 28 கிராம் நைட்ரஜனைத்தான் எடுக்கும். ஆகவே 0.24 கிராமும் நைட்ரைடாகவே போயிருந்தால் எடை 0.33 கிராம்தான் வரும். ஆக்சைடைவிட எடை குறைவு.

ஆனால் குறை முழுவதையும் நைட்ரைடின் தலையில் போட முடியாது. 0.36 வர வேண்டுமானால் மெக்னீசியத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் நைட்ரைடாக மாறியிருக்க வேண்டும், அது மிக அதிகம். எனவே எரியாத உலோகமும் இருக்கலாம், புகையும் போயிருக்கலாம். சாம்பல்நிறம் எரியாத உலோகத்தைத்தான் காட்டுகிறது. 0.36 ஆனதற்கு அது மட்டுமே காரணம் என்றால் 0.06 கிராம், அதாவது கால்வாசி நாடா, அப்படியே கிடக்கிறது என்று பொருள்.

மூன்றையும் பிரித்துப் பார்க்கலாம். குருசிபிள் நன்றாக ஆறிய பிறகு 5, 6 சொட்டு காய்ச்சி வடித்த நீர் விடுங்கள். ஈரப்படுத்திய சிவப்பு லிட்மஸ் தாளை விளிம்பில் படாமல் மேலே பிடியுங்கள். நீலமானால் நைட்ரைடு உண்டு: மெக்னீசியம் நைட்ரைடு + நீர் → மெக்னீசியம் ஹைட்ராக்சைடு + அம்மோனியா. லேசாக மோந்தாலே தெரியும். பிறகு முதலில் மெல்லத் தீ, தெறிப்பது நின்றதும் வலுவான தீ, 10 நிமிடம். ஹைட்ராக்சைடு நீரை விட்டு ஆக்சைடாவதற்கு 350 டிகிரி செல்சியஸ் அளவாவது வேண்டும். தண்ணீர் வற்றியதோடு நிறுத்திவிட்டால் எடை கூடுதலாகக் காட்டும், "0.40 வந்துவிட்டது" என்று தவறாக மகிழ்ந்துவிடுவீர்கள். இங்கேயும் இரண்டு அளவு ஒன்றாகும்வரை எடைபோட வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் ஒரு சிட்டிகையைச் சோதனைக்குழாயில் போட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள். குமிழி வந்தால் எரியாத மெக்னீசியம் இருக்கிறது. ஆக்சைடு குமிழி இல்லாமல் கரையும். குமிழியும் இல்லை, அம்மோனியாவும் இல்லை, எடை மட்டும் குறைவு என்றால் போனது புகைதான்.

அரத்தூள் எழுதியது:

எடையும் காட்ட வேண்டும், "கலவை வேறு, சேர்மம் வேறு" என்பதையும் காட்ட வேண்டும் என்றால் மெக்னீசியத்தைவிட இரும்பு + கந்தகம் நல்லது. வாயு உள்ளே வருவதில்லை என்பதால் பிசகு குறைவு.

இரும்பு 56, கந்தகம் 32. எளிதாக்கினால் 7க்கு 4. 3.5 கிராம் மெல்லிய இரும்புத்தூளும் 2 கிராம் கந்தகத்தூளும் எடுத்துக் காகிதத்தில் நன்றாகக் கலக்கவும். காகிதத்தின் அடியில் காந்தத்தைக் காட்டினால் இரும்பு தனியே வருவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். பிறகு மறுபடி கலந்து, சோதனைக்குழாயில் கால் பாகத்துக்கும் குறைவாகப் போடுங்கள், ஒரு கிராமே போதும். வாயில் கனிமக் கம்பளியை அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் கந்தக ஆவி வெளியே வந்து தீப்பிடித்துச் சல்பர் டை ஆக்சைடு கிளம்பி வகுப்பே இருமும். அடிப்பாகத்தை மட்டும் சூடாக்குங்கள். செந்நிறத் தணல் தோன்றியவுடன் தீயை எடுத்துவிடுங்கள். தணல் தானாகவே மேலே ஏறிப் போகும். தொடங்கி வைக்கத்தான் வெப்பம் தேவை, பின்னர் வினை தன் வெப்பத்திலேயே நடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை பள்ளியில் கிடையாது.

ஆறியதும் குழாயை உடைத்துத்தான் கட்டியை எடுக்க வேண்டும், அந்தக் குழாய் போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். கருஞ்சாம்பல் கட்டியைக் காந்தம் இழுக்காது. இழுத்தால் காரணம் மூன்றில் ஒன்று: இரும்பு அளவுக்கு அதிகம், தூள் பருமனாக இருந்தது, அல்லது கந்தகம் ஆவியாகிப் போய்விட்டது. நீர்த்த அமிலத்தில் கலவையைப் போட்டால் ஹைட்ரஜன் வரும், மணமில்லை. சேர்மத்தைப் போட்டால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு வரும். அது நச்சு வாயு. மிளகளவு துண்டு, இரண்டு சொட்டு அமிலம், புகைபோக்கிப் பெட்டிக்குள். அந்த வசதி இல்லையென்றால் இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடுங்கள்.

கணக்கும் இதிலேயே கொடுக்கலாம். 7 கிராம் இரும்போடு 5 கிராம் கந்தகம் வைத்தால் 12 கிராம் இரும்பு சல்பைடு வருமா? வராது. 11தான், 1 கிராம் கந்தகம் மீதி.

இணைதிறன்_இரண்டு கேட்கிறார்:

இடையில் ஒரு சந்தேகம். இணைதிறனை (ஒரு தனிமத்தின் சேரும் திறனைக் காட்டும் எண்) குறுக்காக மாற்றிப் போட்டால் எந்தச் சேர்க்கை வினைக்கும் விளைபொருளின் வாய்பாட்டைச் சொல்லிவிடலாம் அல்லவா? இரும்பும் குளோரினும் சேர்ந்தால் இரும்புக்கு 2 போடுவதா 3 போடுவதா?

வினைவிளை எழுதியது:

இணைதிறன் ஒன்றே ஒன்றாக இருக்கும் தனிமங்களுக்குக் குறுக்கு மாற்றம் சரி. அலுமினியம் 3, ஆக்சிஜன் 2 என்றால் அலுமினியம் இரண்டு, ஆக்சிஜன் மூன்று. மெக்னீசியம், கால்சியம், துத்தநாகம் இவையும் தொல்லை தராது. இணைதிறன் மாறும் தனிமங்களுக்கு அந்த வழி "எது சாத்தியம்" என்று மட்டும் சொல்லும். எது உண்மையில் உண்டாகும் என்பதை எதிரில் இருக்கும் பொருளும் சூழ்நிலையும்தான் முடிவுசெய்கின்றன.

இரும்பே நல்ல எடுத்துக்காட்டு. சூடான இரும்பு குளோரின் வாயுவோடு நேரடியாகச் சேர்ந்தால் இணைதிறன் 3, இரும்பு(3) குளோரைடு. கந்தகத்தோடு சேர்ந்தால் 2. ஆக்சிஜனில் பொறி பறக்க எரிந்தால் இரண்டும் கலந்து, இரும்பு மூன்றுக்கு ஆக்சிஜன் நான்கு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் இரும்பு(2) குளோரைடு வரும், ஆனால் அது இடப்பெயர்ச்சி வினை. பிள்ளைகள் குழம்புவது இங்கேதான். குளோரின் வாயு வலுவான ஆக்சிஜனேற்றி, அமிலத்தில் உள்ள ஹைட்ரஜன் அயனிக்கு அந்த வலு கிடையாது.

கந்தகம் எரிந்தால் டை ஆக்சைடுதான். எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் நேராக டிரை ஆக்சைடுக்குப் போகாது. அதற்கு வனேடியம் பென்டாக்சைடு வினைவேக மாற்றியும் 450 டிகிரி அளவு வெப்பமும் தேவை. கந்தக அமிலத் தொழிற்சாலையில் இதற்குத் தனிக் கலனே இருக்கிறது. கரிக்குக் காற்று குறைந்தால் மோனாக்சைடு, போதுமானால் டை ஆக்சைடு. பாஸ்பரஸுக்கு குளோரின் குறைந்தால் டிரை குளோரைடு, மிகுந்தால் பென்டா குளோரைடு. சோடியத்தைப் பள்ளிப் பாடத்தில் ஆக்சைடு என்று எழுதுவோம். நிறைய ஆக்சிஜனில் எரித்தால் உண்மையில் பெரும்பாலும் பெராக்சைடுதான் கிடைக்கும். பொட்டாசியம் சூப்பராக்சைடே தரும். பத்தாம் வகுப்பில் இதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் கேட்கிற பிள்ளை ஒன்று இருக்கும்.

இன்னொன்று: வாய்பாட்டை முதலில் எழுதி முடித்துவிட்டுத்தான் சமன்செய்ய வேண்டும். ஹைட்ரஜன் + ஆக்சிஜன் வினையைச் சமன்செய்கிறேன் என்று நீரின் வாய்பாட்டில் ஆக்சிஜனுக்கு அடியில் 2 போடுகிற பிள்ளைகள் ஏராளம். அப்படிப் போட்டால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு, வேறொரு பொருள். அடியெண்ணைத் தொடக் கூடாது, முன்னால் போடும் எண்ணை மட்டும்தான் மாற்றலாம்.

நீற்றுச்சுண்ணாம்பு எழுதியது:

"சேர்க்கை வினை எல்லாமே வெப்ப உமிழ் வினை" என்று சில குறிப்பேடுகளில் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் என்று திருத்திக்கொள்ளுங்கள். நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு ஆவது வெப்பக்கொள் வினை, சமன்பாட்டின்படி 180 கிலோஜூல் உள்ளே போக வேண்டும். மின்னலிலும் வண்டி இன்ஜினுக்குள்ளும் அது நடப்பதற்குக் காரணமே அந்தச் சூடுதான். நல்லவேளை, இல்லாவிட்டால் நாம் மூச்சுவிடும் காற்றே தானாக வினைபட்டுக்கொண்டிருக்கும்.

அதேபோல் "சேர்க்கை எல்லாமே ஆக்சிஜனேற்ற-ஒடுக்க வினை" (எலக்ட்ரான் கைமாறும் வினை) என்பதும் தவறு. தனித்த நிலையில் ஒரு தனிமம் இடப்பக்கம் இருந்து வேறொன்றோடு சேர்மமானால் ஆக்சிஜனேற்ற எண் மாறும். சேர்மமும் சேர்மமும் சேரும்போது பெரும்பாலும் மாறாது. சுட்ட சுண்ணாம்பு + நீர், அம்மோனியா + ஹைட்ரஜன் குளோரைடு இரண்டிலும் யாருடைய எண்ணும் மாறுவதில்லை. வெள்ளைத் தாமிர சல்பேட்டில் நாலைந்து சொட்டு நீர் விட்டால் நீலமாகிறதே, அதுவும் இந்த இனம்தான்: 159.5 + 90 (ஐந்து நீர் மூலக்கூறு) = 249.5.

சுண்ணாம்பு நீற்றிக் (சுட்ட சுண்ணாம்பில் நீர் விட்டுத் தூளாக்கி) காட்டுவதானால் ஒரு எச்சரிக்கை. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு முழுவதும் நீறினால் வெளிவரும் வெப்பம் ஏறத்தாழ 1140 கிலோஜூல். ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். ஆகவே வகுப்பில் 20 கிராமுக்கு மேல் வேண்டாம். கணக்குப்படி 56 கிராமுக்கு 18 கிராம் நீர், 20 கிராமுக்கு ஆறரை மில்லி. ஆனால் ஆவியாகப் போவதற்கும் சேர்த்து 10 மில்லி வையுங்கள். கல்லின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டால் வெடித்துப் பிளந்து உப்பி, தூளாவது நன்றாகத் தெரியும், ஆனால் தெறிக்கும். கண்ணாடிக் கவசம் இல்லாமல் யாரும் குனிந்து பார்க்கக் கூடாது, சூட்டைவிட அந்தக் காரம்தான் கண்ணைக் கெடுக்கும். பெரிய அளவில் வெள்ளையடிக்க நீற்றும்போது முறை தலைகீழ்: தொட்டியில் முதலில் தண்ணீர், அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்.

சூடே வரவில்லை என்றால் கல் செத்துவிட்டது என்று அர்த்தம். புட்டியிலோ சாக்கிலோ திறந்து கிடந்த சுண்ணாம்பு காற்றின் ஈரத்தை எடுத்து ஹைட்ராக்சைடாகி, பிறகு கார்பன் டை ஆக்சைடை எடுத்துக் கார்பனேட்டாகிவிடும். கையால் நசுக்கினால் மாவாக உதிரும் கல் பயன்படாது, தட்டினால் கணீரென்று ஒலிக்கும் கெட்டிக் கல்லாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கிய அன்றே காற்றுப்புகாத டப்பாவில் போட்டு, மேலே நாள் எழுதி ஒட்டிவிடுங்கள். பழசாகிப்போனதை மீட்க 900 டிகிரி சூளை வேண்டும், புன்சன் பர்னரில் நடக்கிற வேலை இல்லை.